பேச்சுத் தேர்வில் ஒரு பணி நிறைவு விழா

எங்கள் ஜெர்மன் வகுப்பின் வாட்ஸப் குழுவில் எல்லோருக்கும் நான்தான் அக்கா. வயதில் மூத்தவள் என்பது ஒரு காரணம். ஒருமுறை தேர்வில் தோற்று மறுபடியும் எழுதப் போனவள் என்பது இன்னொரு காரணம். தோற்றவளிடம்தான் சரக்கு அதிகம் இருக்கும் என்று நினைக்கிறார்களோ என்னவோ, டூட்டி முடிந்து போனைத் திறந்தால் கேள்விகள் வரிசை கட்டி நிற்கும். எத்தனை மாசத்துல பி-டூ லெவல் முடிக்கலாம் அக்கா. பி-ஒன் எழுதாம நேரா பி-டூ எழுதலாமா அக்கா. தப்பா பேசினா மார்க் போகுமா அக்கா. ஒருத்தி, கிராமரே படிக்காமல் பாஸ் பண்ண வழி இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். கண்டுபிடித்தால் எனக்கும் சொல் என்று பதில் போட்டேன்.

மேசை ஏன் ஆண், கதவு ஏன் பெண் என்று கேட்காதவர்கள் கிடையாது. ஜெர்மனில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆண், பெண், இரண்டும் இல்லை என்று மூன்று பால் உண்டு. சின்னப் பெண்ணைக் குறிக்கும் சொல் அந்த மூன்றாவதில், நம் கணக்கில் சொன்னால் அஃறிணையில் போய் விழும். இது என்ன அநியாயம் என்று வகுப்பில் பெண்கள் பொங்குவார்கள். எனக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகாதவளை எங்கள் ஊரில் எந்தத் திணையில் வைத்துப் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஜெர்மானியரை மட்டும் குறை சொல்ல முடியாது.

வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்கு ஓடிவிடுகிறதே என்று புலம்புகிறவர்களைக் கண்டால்தான் எனக்குக் கோபம் வரும். பிறந்ததிலிருந்து வினைச்சொல்லைக் கடைசியில் வைத்துத்தானே திட்டு வாங்கியிருக்கிறோம்? இங்கிலீஷ் வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் எல்லாமே கஷ்டமாகத்தான் தெரியும். நேரே தமிழிலிருந்து போங்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. தமிழில் யோசித்தால் மார்க் வராது என்று யாரோ இவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் ஒரு வரியில் பதில் போட்டுவிடுவேன். ஒரு கேள்விக்கு மட்டும் என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. "ஸ்பீக்கிங்குக்கு டெம்ப்ளேட் இருக்கா அக்கா?" என்பது அந்தக் கேள்வி. அதாவது பேச்சுத் தேர்வில் என்ன கேட்டாலும் ஒப்பிக்கத் தயாராக நாலு பத்தி கையில் இருக்கிறதா என்று அர்த்தம். இருக்கிறது. அதை நம்பித்தான் முதல் தடவை நான் தோற்றேன்.

எங்கள் வகுப்பு நெய்வேலி மெயின் பஜாரில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. நடத்திய மேடம் என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவர், அப்பா நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட் ஆக இருந்து ரிட்டயர் ஆனவர். ஜெர்மனியில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். நெய்வேலிக்காரர் என்பதால் வகுப்பையும் ஷிப்ட் கணக்கில் பிரித்திருந்தார். காலை ஷிப்ட் போகிறவர்களுக்கு மாலை, மதிய ஷிப்ட் போகிறவர்களுக்குக் காலை. நான் வடலூர் போகிற சாலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் டூட்டி வாராவாரம் மாறும். எந்த வகுப்பில் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்துகொள்ளுங்கள் என்று எனக்கு அனுமதி கொடுத்திருந்தார். நல்ல மனுஷி. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

மேடத்தின் கொள்கை ஒன்றே ஒன்று. தேர்வாளருக்கு உங்கள் வாழ்க்கை வேண்டாம், வாக்கியம்தான் வேண்டும். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்ல வேண்டும். விடுமுறையில் நண்பர்களோடு மலையேறப் போவேன், இயற்கை எனக்குப் பிடிக்கும், அது உடலுக்கும் மனதுக்கும் நல்லது. இந்த மூன்று வாக்கியத்துக்குள் தேர்வாளருக்குப் பிடித்த எல்லா இலக்கணமும் வந்துவிடும்படி அவர் இழைத்திருந்தார். எனக்கு விடுமுறையும் கிடையாது, பொழுதுபோக்கும் கிடையாது, அதைச் சொன்னால் என்ன என்று கேட்டேன். இல்லை என்பதை எத்தனை வாக்கியத்துக்கு நீட்டுவீங்க என்று அவர் திருப்பிக் கேட்டார். மூன்று வாக்கியத்தையும் மனப்பாடம் செய்தேன்.

மலையேறுகிறவளாகச் சென்னைக்குப் போனேன். எழுத்துத் தேர்வு நன்றாகவே போயிற்று. பேச்சுத் தேர்வில் மூன்று வாக்கியத்தையும் தண்ணீர்பட்ட பாடாக ஒப்பித்தேன். தேர்வாளர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கடைசியாக எந்த மலையில் ஏறினீர்கள், அங்கே என்ன பார்த்தீர்கள் என்றார். எங்கள் பக்கத்தில் மலை என்றால் மைன்ஸில் தோண்டி வெளியே கொட்டிய மண்மேடுதான். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகத் தெரியும். அதில் யாரும் ஏறி இயற்கையை ரசிப்பதில்லை. பொய்யை எங்கிருந்து தொடர்வது என்று தெரியாமல் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். எழுத்தில் பாஸ், பேச்சில் ஃபெயில் என்று வந்தது.

எனக்கு அந்தத் தேர்வு வெறும் சர்ட்டிபிகேட் இல்லை. ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரி என்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. பேச்சுத் தேர்வை மட்டும் இன்னொரு தடவை முயலலாம், அதிலும் தேறாவிட்டால் அந்த இடம் வேறு ஒருத்திக்குப் போய்விடும் என்று ஏஜென்ட் கறாராகச் சொல்லிவிட்டார். என் வயதுக்கு இன்னொரு இடம் வரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு அந்த மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. அதற்குப் பிறகு வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்தி.

அம்மா டவுன்ஷிப்பில் தெரு பெருக்குகிறவள். கான்ட்ராக்ட். கான்ட்ராக்டர் மாறுவார், சட்டையின் நிறம் மாறும், அம்மா மாறமாட்டாள். குறிஞ்சிப்பாடிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து விடியற்காலை முதல் பஸ்ஸில் சோத்து டப்பாவோடு போய், தனக்கு ஒதுக்கிய வட்டத்தை, அதாவது பிளாக்கை, பெருக்கி முடித்துவிட்டு மதியம் வருவாள். நான் பிறந்து சில வருஷங்களில் ஆரம்பித்த வேலை. பன்னிரண்டாம் வகுப்பும், நர்ஸிங்கும், இந்த ஜெர்மன் வகுப்பும் அந்தத் துடைப்பத்தில் வந்தவை என்று சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்காது. பெரிய பேச்சு பேசாதே என்பாள்.

நெய்வேலியில் ஒரு வழக்கம் உண்டு. பர்மனென்ட் ஆக இருக்கிறவர்கள் வயதாகி ரிட்டயர் ஆவது எப்போதும் மாதத்தின் கடைசி நாளில்தான். அன்றைக்கு அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். கூட வேலை செய்தவர்கள் மாலை போட்டு, சால்வை போர்த்தி, காரிலோ ஜீப்பிலோ உட்காரவைத்து, பேண்டு வாத்தியத்தோடு கம்பெனி குவார்ட்டர்ஸ் வரை ஊர்வலமாகக் கூட்டிக்கொண்டு வருவார்கள். வாசலில் பணி நிறைவு பாராட்டு விழா என்று ஃபிளெக்ஸ் கட்டியிருக்கும். அதில் அவர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்பார். பத்தாயிரம் வாலா வெடிக்கும். மனைவி ஆரத்தி எடுப்பார். வந்தவர்களுக்கு ஸ்வீட், மிக்சர், காபி. அப்புறம் சில மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு சொந்த ஊருக்கோ பிள்ளை இருக்கிற ஊருக்கோ போய்விடுவார்கள்.

அந்த ஊர்வலத்தில் அம்மாவுக்கும் ஒரு பங்கு உண்டு. மறுநாள், ஒன்றாம் தேதி காலையில், பட்டாசுக் காகிதத்தையும் மாலையிலிருந்து உதிர்ந்த பூவையும் பெருக்குவது. ஒன்றாம் தேதி என்றால் வேலை இரண்டு மடங்கு. அம்மா அதை ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. எந்த வீட்டில் அதிகம் வெடித்தார்கள், எந்த வீட்டில் காகிதம் சாக்கடைக்குள் போய் அடைத்துக்கொண்டது என்று வந்து கதை சொல்வாள். அவள் வட்டத்தில் யார் எந்த மாதம் ரிட்டயர் ஆகிறார்கள் என்பது அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். அவளுடைய கடைசி நாள் எப்போது என்று மட்டும் சூபர்வைசர் சொல்லித்தான் தெரிந்தது. இந்த மாசத்தோட நீ நின்னுக்கம்மா, வயசாயிடுச்சு என்று அவர் சொன்னாராம். அம்மா அதை வந்து சொன்னது, சோத்து டப்பாவைக் கழுவிக்கொண்டே.

இரண்டாவது தடவை சென்னைக்குப் புறப்படுவதற்கு முன்னால் மேடம் எனக்குத் தனியாக நேரம் ஒதுக்கினார். இந்தத் தடவை மலை வேண்டாம், சமையல் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். பேச்சுத் தேர்வின் கடைசிப் பகுதியில் இரண்டு பேரை ஜோடியாக உட்காரவைத்து எதையாவது சேர்ந்து திட்டமிடச் சொல்வார்கள். அதற்கும் பாடம் எடுத்தார். ஜோடி சொல்வதை முதலில் பாராட்டு. நல்ல யோசனை என்று சொல். பிறகு உன் யோசனையைச் சொல். தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டால் உடனே, ஆமாம் நீங்கள் சொல்வதுதான் சரி என்று இறங்கி வந்துவிடு. அடம் பிடிக்காதே. என் முகத்தைப் பார்த்துவிட்டு, கடைசி வரியை இன்னொரு தடவை சொன்னார்.

எனக்கு வந்த ஜோடி திருச்சிப் பக்கத்துப் பெண். அவளும் நர்ஸ்தான், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். ஒவ்வொரு பகுதிக்கும் ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்து, பேசிக்கொள்ளாமல் தயார் செய்யச் சொன்னார்கள். முதல் இரண்டு பகுதியும் பழுதில்லாமல் முடிந்தன. மூன்றாவதற்கான அட்டையில், உங்களோடு வேலை செய்பவர் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார், வேறு ஊருக்குக் குடிபோகிறார், அவருக்கு ஒரு பிரிவு விழா திட்டமிடுங்கள் என்று இருந்தது. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைப் போய் நெய்வேலிக்காரியிடம் கேட்கிறார்களே.

அவள் ஆரம்பித்தாள். ஒரு ரெஸ்டாரண்டில் மேசை பதிவு செய்யலாம், கேக் வாங்கலாம், எல்லோரும் சேர்ந்து ஒரு பரிசுக் கூப்பன் கொடுக்கலாம். எங்கள் வகுப்பு டெம்ப்ளேட்டும் அச்சு அசல் இதுதான். நான் நல்ல யோசனை என்று சொல்லவில்லை. அது போதாது என்றேன். அவரை நாம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மாலை வேண்டும். வாத்தியம் வேண்டும். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் லீவு போட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண் விழித்தாள். அவரிடம் கார் இருக்கும், அவரே போய்க்கொள்வார் என்றாள். கார் இருந்தாலும் தனியாகப் போகக்கூடாது என்றேன். பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களும் வாசலில் நிற்க வேண்டும் என்று நான் சொன்னபோது அவள் அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாக, அவர் வேறு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துத்தானே போகிறார், நம் வயதுதான் இருக்கும், பேரப்பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்றாள். எதிரே இருந்த இரண்டு தேர்வாளர்களில் ஒருவர், நரைத்த முடி வைத்த ஜெர்மன்கார அம்மா, எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட்டையில் வயது என்று ஒரு சொல் இல்லை. எங்கள் ஊரில் வேலை கிடைத்தவர் வேலையை விடமாட்டார். வேறு வேலைக்குப் போவது என்ற பேச்சே கிடையாது. பர்மனென்ட் ஆனவர் வேலையை விடுவது பணி நிறைவில்தான், வேறு ஊருக்குக் குடிபோவது குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போதுதான். இரண்டையும் சேர்த்துப் படித்ததும் என் மனது அந்த ஜெர்மன் ஆளுக்கு முடியை நரைக்க வைத்து, கூலிங் கிளாஸ் மாட்டி, ஃபிளெக்ஸே கட்டிவிட்டிருந்தது.

இறங்கி வந்துவிடு என்று மேடம் சொன்னது காதில் கேட்டது. ஆமாம், நீங்கள் சொல்வதுதான் சரி. அந்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் ரெஸ்டாரண்டும் கேக்குமாக முடிந்திருக்கும். ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தப் பெண்ணின் மேல் இல்லை. நரைத்தால்தான் மாலையா? பர்மனென்ட் என்றால்தான் வாத்தியமா? நம் வயதுக்காரி என்றால் கூப்பனைக் கையில் கொடுத்து அனுப்பிவிடலாமா?

சரி, அவர் சின்ன வயதுக்காரராகவே இருக்கட்டும் என்றேன். இருந்தாலும் போகிறவர் போகிறவர்தான். நம்மோடு நின்று வேலை செய்தவர் கடைசி நாளில் தனியாக வீட்டுக்குப் போகக்கூடாது. என் இலக்கணம் அங்கங்கே உடைந்தது என்று சொல்லும்போதே தெரிந்தது. கூட்டிப் பொறுக்கிக்கொள்ள நிற்கவில்லை, பேசிக்கொண்டே போனேன்.

தேர்வாளர்கள் நடுவில் பேசமாட்டார்கள் என்றுதான் மேடம் சொல்லியிருந்தார். ஆனால் அந்த ஜெர்மன்கார அம்மா பேனாவை மூடிவிட்டு, உங்கள் ஊரில் எல்லோரையும் இப்படி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்களா என்று கேட்டார்.

எல்லோரையும் இல்லை என்றேன். என் அம்மா தெரு பெருக்குகிறவர். மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போன பிறகு, மறுநாள் காலையில் காகிதத்தைப் பெருக்குவார். இந்த மாதக் கடைசியில் அவருக்கும் வேலை முடிகிறது. அவரைக் கூட்டிக்கொண்டு போக யாரும் வரமாட்டார்கள். நான் போவேன்.

நான் போவேன் என்பதைச் சொல்லி முடிக்கும்வரை அப்படி ஒரு முடிவு எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. தமிழில் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட. அடுத்துப் பேசியது என் ஜோடிதான். அவள் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அப்படியென்றால் அவருடைய பையை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன், கேக்கை வாசலில் வைத்து வெட்டிக்கொள்ளலாம் என்றாள். அது எந்த டெம்ப்ளேட்டிலும் இல்லாத வாக்கியம். நல்ல யோசனை என்று அப்போது சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எனக்கு மட்டும் மார்க் போச்சுன்னா உங்க ஊருக்கே வந்து சண்டை போடுவேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், கண் கலங்கியிருந்தது. எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. என் இடத்தை நானே கெடுத்துக்கொண்டதுமில்லாமல் அந்தச் சின்னப் பெண்ணையும் இழுத்துப் போட்டுவிட்டேனோ என்று திரும்பி வருகிற பஸ் முழுக்க அதே நினைப்பு.

நடந்ததையெல்லாம் சொன்னதும் மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். தேர்வில் போய் அடம் பிடித்தீர்களா, அதுவும் கடைசி வாய்ப்பில் என்றார். ஆமாம் என்றேன். தப்பாகப் புரிந்துகொண்டது தெரிந்த பிறகுமா என்றார். தெரிந்த பிறகுதான் அதிகமாகப் பிடித்தேன் என்றேன். அவர் கோபமாக ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். அவருடைய அப்பா ரிட்டயர் ஆனபோது அவர்கள் இருந்தது அம்மா பெருக்கும் அதே வட்டத்தில்தான். அன்றைக்கு வாசல் முழுக்க முழங்கால் அளவுக்குக் காகிதம் கிடந்ததும், மறுநாள் எழுந்து பார்த்தபோது ஒரு துண்டுகூட இல்லாததும் நினைவிருக்கிறது என்றார். யார் எடுத்தது என்று இன்றுவரை யோசித்ததில்லை என்றார். பிறகு, மாதக் கடைசியில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

அம்மாவிடம் நான் வாயே திறக்கவில்லை. சொன்னால் அன்றைக்கு வேலைக்கே போகாமல் நின்றுவிடுவாள் என்று தெரியும். கூட வேலை செய்யும் ஒரு அக்காவிடம் மட்டும், அம்மாவைச் சீக்கிரம் கிளம்ப விடாதீர்கள் என்று சொல்லி வைத்தேன். நமக்கெல்லாம் யார் இதைச் செய்கிறார்கள் என்று அவர் ஒரு மாதிரி பார்த்தார். எனக்குத் தெரிந்து யாரும் செய்ததில்லை, நாம் ஆரம்பிப்போம் என்றேன்.

அன்றைக்கு மதியம் துடைப்பமும் தள்ளுவண்டியும் வைக்கும் கொட்டகைக்கு வெளியே நின்றோம். எங்கள் வகுப்பிலிருந்து ஏழெட்டுப் பேர், டூட்டி முடிந்து யூனிபார்மோடு வந்தவர்களும் இருந்தார்கள். மேடம் சால்வை வாங்கி வந்திருந்தார். சம்பங்கி மாலை என் கையில். பேண்டு வாத்தியத்துக்கு வழியில்லை, ஒருவன் எங்கிருந்தோ ஒரு டிரம் கொண்டுவந்திருந்தான், அவனுக்கு அடிக்கவும் தெரியவில்லை. அம்மா துடைப்பத்தோடு சாலைத் திருப்பத்தில் வந்தாள். டிரம் சத்தத்தைக் கேட்டு, மாலையையும் ஆட்களையும் பார்த்தாள். பார்த்ததும் சட்டென்று சாலையை விட்டு ஓரமாக ஒதுங்கி, துடைப்பத்தைப் பக்கத்தில் சாய்த்துக்கொண்டு, ஊர்வலம் கடந்து போவதற்காக நின்றாள்.

எத்தனை ஊர்வலத்துக்கு இப்படி ஒதுங்கி நின்றிருப்பாள். நான் கிட்டே போனேன்.

"யாருக்குடி? இந்த மாசம் இங்க யாரும் ரிட்டேடு இல்லியே" என்றாள்.

"உனக்குத்தாம்மா."

அவள் என்னை, மேடத்தை, டிரம் வைத்திருந்தவனை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "நான் கான்ட்ராக்ட்டுடி" என்றாள், எனக்குத் தெரியாத விஷயத்தைச் சொல்வதுபோல. "கான்ட்ராக்ட்டுக்கு மாலை போடமாட்டாங்க."

"நான் போடுவேன்" என்றேன். போட்டேன்.

துடைப்பத்தை மேடம் வாங்கிக்கொண்டார். டவுன்ஷிப் சாலையில் பஸ் நிறுத்தம் வரை அம்மாவை நடுவில் வைத்து நடந்தோம். அவளோடு வேலை செய்த பெண்கள் முதலில் தயங்கிப் பின்னால் வந்து, கொஞ்ச தூரம் போனதும் முன்னால் வந்துவிட்டார்கள். குவார்ட்டர்ஸ் வாசல்களில் சிலர் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒரு வீட்டம்மா, இத்தனை வருஷம் பார்த்தவர், ஓடி வந்து அம்மாவுக்குக் குங்குமம் வைத்துவிட்டார். பஸ்ஸில் ஏறியதும் அம்மா மாலையைக் கழற்றப் பார்த்தாள். கழற்றக்கூடாது, வீடுவரை என்றேன். என்ன விசேஷம் என்று கண்டக்டர் கேட்டார். பணி நிறைவு என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அம்மா என் கையைக் கிள்ளினாள்.

எங்கள் தெருமுனையில் இறங்கியபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார்கள். பத்தாயிரம் வாலாவை வாசலிலிருந்து தெருவரை நீட்டி வைத்துக் கொளுத்தினோம். அம்மா காதைப் பொத்திக்கொள்ளவில்லை. கடைசி வெடி வெடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

மறுநாள் ஒன்றாம் தேதி. பழக்கத்தில் அவளுக்கு இருட்டோடு விழிப்பு வந்துவிட்டது. நான் எழுந்து வந்தபோது வாசலில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். சிமெண்டு வாசல் தெரியாதபடி சிவப்புக் காகிதம் பரவிக் கிடந்தது. துடைப்பத்தைக் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தேன்.

"கெடக்குதேடி" என்றாள்.

"கெடக்கட்டும்மா. இது உன்னுது."

அவள் அதைப் பெருக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் தன் வாசலைக் கூட்டிக்கொண்டே, உங்களுதையும் தள்ளிவிடட்டுமா என்று கேட்டபோது, வாணாம், இருக்கட்டும் என்று அம்மாவே சொன்னாள். காற்றுக்குப் போனது போக மிச்சம் முருங்கை மரத்தடியில் ஒதுங்கி, வெயிலில் வெளுத்துக்கொண்டு கிடந்தது.

அது முழுக்க வெளுப்பதற்குள் ரிசல்ட் வந்துவிட்டது. போனில் பார்த்தேன். பேச்சுத் தேர்வில் தேறியிருந்தேன், பெரிய மார்க் இல்லை, ஆனால் தேறியிருந்தேன். ஐந்து நிமிஷத்தில் திருச்சிப் பெண்ணும் கூப்பிட்டாள். அவளும் பாஸ், என்னைவிட நல்ல மார்க். சண்டைக்கு வரவேண்டிய அவசியமில்லை என்றாள். மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். இதை டெம்ப்ளேட்டில் சேர்த்துவிடப் போகிறேன் என்று பதில் வந்தது. தயவுசெய்து சேர்க்காதீர்கள் என்று எழுதினேன்.

அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பாஸ் ஆகிவிட்டேன், ரெண்டு மாசத்தில் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும் என்றேன். கீரையை உருவுவதை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் உனக்கு யாராவது மாலை போடுவார்களா என்று கேட்டாள். நானும் கான்ட்ராக்ட்தானே, யார் போடுவார்கள் என்று சிரித்தேன்.

"கடைசி நாளு எப்பன்னு சொல்லு" என்றாள் அம்மா. "ஆஸ்பத்திரி கேட்டாண்ட நிப்பேன். நான் வர்ற வரைக்கும் பஸ்ஸு ஏறிடாத."